பெயர் உதிர்ந்த மாறிகள்

செல்பேசியில் ஒரு செயலி திடீரென மூடிக்கொள்கிறது. 'செயலி நின்றுவிட்டது, அறிக்கை அனுப்பலாமா?' என்று ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்கிறது. சிலர் சரி என்று அழுத்துகிறோம், சிலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். இரு தரப்புக்கும் உள்ளுக்குள் ஒரே கேள்விதான். நான் ஒரு வரி எழுதவில்லை, என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் சொல்லவில்லை. பிறகு அந்த அறிக்கையில் எதுதான் போகிறது? எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதை வைத்துக்கொண்டு தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

போவது பெரும்பாலும் எண்கள். நிரல் எந்த ஆணையில் நின்றது, நின்ற நொடியில் சில்லின் கைக்கெட்டும் இடங்களில் என்னென்ன எண்கள் கிடந்தன, நினைவகத்தின் ஒரு துண்டில் என்ன இருந்தது என்பவைதான். இது வட்டி, இது அசல், இது வாடிக்கையாளர் எண்ணிக்கை என்று எந்த எண்ணின் மேலும் பெயர் ஒட்டியிருக்காது. பெயரில்லாத எண்களிலிருந்து பெயருள்ள ஒரு தவறை எப்படி எடுக்கிறார்கள் என்பதை இந்த அத்தியாயத்தில் ஒரு சிறு நிரலை வைத்துப் பார்ப்போம்.

சுண்ணாம்புக் கோடு

நிரல் எழுதுபவர் பெயர் வைத்துத்தான் எழுதுகிறார். மதிப்பு மாறக்கூடிய, பெயர் சூட்டப்பட்ட இடத்துக்கு மாறி என்று பெயர். எழுதியதை அப்படியே படிக்கச் சில்லுக்குத் தெரியாது. தொகுப்பி என்ற இன்னொரு நிரல் அதைச் சில்லுக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருகிறது.

வீடு கட்டத் தொடங்கும்போது மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். இது சமையலறை, இது கூடம் என்று அந்தக் கோட்டைக் காட்டித்தான் எல்லாரும் பேசுவார்கள். சுவர் எழும்பியதும் கோடு மண்ணோடு போய்விடும். கோடு போனதால் சுவர் விழுவதில்லை. மாறியின் பெயரும் அப்படித்தான். தொகுப்பி வேலையை முடிக்கும்போது 'வட்டி' என்ற சொல்லுக்குப் பதிலாக 'இந்த இடத்திலிருந்து 20 பைட் தள்ளி' என்பது போன்ற ஒரு குறிப்பு மட்டும் மிஞ்சுகிறது. பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண் பிடிக்கும் சின்ன அறை.

நிரல் எழுதுபவர் கேட்டுக்கொண்டால் தொகுப்பி அந்தக் கோட்டின் வரைபடத்தைத் தனியாக எழுதி வைக்கும். எந்த மாறி எங்கே, என்ன வகை, மூல நிரலின் எந்த வரி எந்த ஆணையானது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை வழுநீக்கத் தகவல் என்போம். இதைப் படித்துக் காட்டும் கருவி டிபக்கர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜிடிபி இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. யுனிக்ஸ் உலகில் இயங்கு கோப்பின் வடிவத்துக்கு எல்ஃப் என்று பெயர். ஐரோப்பியக் கதைகளில் வரும் வனதேவதை. அதற்குத் துணையாகப் பெல் ஆய்வகத்தில் பிறந்த வழுநீக்கத் தகவலின் வடிவத்துக்கு, அதே கதைகளில் வரும் குள்ளரை நினைத்து, டுவார்ஃப் என்று பெயரிட்டார்கள். அதன் ஐந்தாம் பதிப்பு 2017-இல் வந்தது.

இவ்வளவு நல்ல வரைபடம் இருந்தும் நம் கைக்கு வரும் செயலியில் அது இருக்காது. முதற்காரணம் பருமன், வரைபடம் சில சமயம் நிரலைவிடப் பல மடங்கு பெரிது. இரண்டாவது காரணம், உள்ளமைப்பை ஊருக்குக் காட்ட நிறுவனங்கள் விரும்புவதில்லை. அனுப்புமுன் உரித்தெடுத்துவிடுவார்கள். கவனமானவர்கள் அதை வீட்டில் பத்திரப்படுத்தி, வரும் அறிக்கையோடு பொருத்திப் படிப்பார்கள். ஆனால் வரைபடம் தொலைந்துபோவதும் உண்டு. பழுது யாரோ எழுதித்தந்த நிரல் நூலகத்துக்குள் இருப்பதும் உண்டு. அப்போது எண்களை மட்டும் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

இது புதிய பாடு அல்ல. 1949-இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறியில் ஸ்டான்லி கில் என்பவர் தவறு கண்டுபிடிக்கும் முறைகளைப் பற்றி 1951-இலேயே ஒரு முழுக் கட்டுரை எழுதினார். நின்றுபோன நிரலின் நினைவகப் படியை இன்றும் 'கோர் டம்ப்' என்கிறார்கள். கோர் என்பது ஒருகாலத்தில் நினைவகமாக இருந்த குட்டிக் காந்த வளையங்களைக் குறித்த சொல். வளையங்கள் போய்விட்டன, சொல் மட்டும் தங்கிவிட்டது.

ஒரு சீட்டுக் கணக்கு

ஏலச்சீட்டு உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர். இந்த மாதம் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுக்கிறார். அதில் நடத்துபவருக்கு 5,000 ரூபாய் கமிஷன். மீதி 20,000 ரூபாய். 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஆயிரம்.

இதற்கு சி மொழியில் மூன்று வரி போதும். தள்ளு, கமிஷன், ஆட்கள் என்று மூன்று எண்கள் உள்ளே வரும். தள்ளிலிருந்து கமிஷனைக் கழித்தால் மீதி. மீதியை ஆட்களால் வகுத்தால் தலைக்கு. அதைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. ஆக ஐந்து மாறிகள். இதை, 'வேகமாக ஓடவேண்டும், வரைபடம் வேண்டாம்' என்று சொல்லித் தொகுப்பியிடம் கொடுத்தேன். மேசைக் கணிப்பொறிகளில் பரவலாக உள்ள இன்டெல் வகைச் சில்லுக்கு அது ஆறே ஆணைகள் தந்தது.

அவற்றைப் படிக்குமுன் ஓர் ஒப்பந்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில்லுக்குள் பதிவகம் என்று சில அறைகள் உண்டு. கணக்கு நடப்பது அங்கேதான். நினைவகம் என்பது தூரத்துக் கிடங்கு. நிரலுக்குள் தனி வேலையொன்றைச் செய்யும் துண்டுக்குச் செயற்கூறு என்று பெயர். ஒரு செயற்கூறு இன்னொன்றைக் கூப்பிடும்போது எண்களை எந்த அறையில் வைத்துத் தர வேண்டும் என்று ஓர் இயங்குதளத்தின் எல்லாத் தொகுப்பிகளுக்கும் பொதுவான விதி இருக்கிறது. லினக்ஸிலும் இன்டெல் மேக்கிலும் முதல் எண் டிஐ என்ற பதிவகத்தில், இரண்டாவது எஸ்ஐயில், மூன்றாவது டிஎக்ஸில், நான்காவது சிஎக்ஸில். விடை ஏஎக்ஸில் திரும்ப வரும். விண்டோஸில் வரிசை வேறு. பெயர்கள் அழியும், இந்த ஒப்பந்தம் அழியாது. தனித்தனியே தொகுக்கப்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமே! வரைபடம் இல்லாதவருக்கு இதுதான் முதல் பிடிமானம்.

இனி அந்த ஆறு ஆணைகள், தமிழில்:

டிஐயில் இருப்பதை ஏஎக்ஸில் படியெடு.
டிஎக்ஸில் இருப்பதை சிஎக்ஸில் படியெடு.
ஏஎக்ஸிலிருந்து எஸ்ஐயைக் கழி.
ஏஎக்ஸின் கூட்டல் கழித்தல் குறியை டிஎக்ஸ் முழுக்க நிரப்பு.
ஏஎக்ஸை சிஎக்ஸால் வகு.
திரும்பிப் போ.

இரண்டாவதும் நான்காவதும் ஏன் என்று தோன்றும். இந்தச் சில்லில் வகுபடும் எண் ஏஎக்ஸையும் டிஎக்ஸையும் சேர்த்து ஒரே நீள எண்ணாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். மீதி நேர் எண் என்றால் டிஎக்ஸ் பூஜ்யத்தால் நிரம்பும், எதிர் எண் என்றால் மைனஸ் ஒன்றால். அங்கே உட்கார்ந்திருந்த ஆட்கள் எண்ணிக்கை அழிந்துவிடக் கூடாது என்றுதான் தொகுப்பி முன்னதாகவே அதை சிஎக்ஸுக்குக் குடிமாற்றியிருக்கிறது.

நின்ற இடத்தில்

நிரல் ஐந்தாவது ஆணையில் செத்துப்போனது. லினக்ஸ் தந்த செய்தி 'ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன்'. தசமப் புள்ளியே இல்லாத கணக்கில் இந்தச் செய்தி புதியவர்களை எங்கெங்கோ தேட வைக்கும். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் இதே செய்திதான் வரும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான செல்பேசிகளில் உள்ள ஆர்ம் சில், முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் நிற்காது. விடை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடும். நின்று தவறைக் காட்டும் சில்லைத்தான் எனக்குப் பிடிக்கும்.

டிபக்கரில் பதிவகங்களைக் கேட்டேன். டிஐ 25000. எஸ்ஐ 5000. ஏஎக்ஸ் 20000. டிஎக்ஸ் 0. சிஎக்ஸ் 0.

ஒப்பந்தத்தை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் உடனே சொல்லுவார்: மூன்றாவது எண் டிஎக்ஸில், அங்கே 0, ஆகவே ஆட்கள் 0. விடை சரி, வழி தவறு. டிஎக்ஸில் உள்ள பூஜ்யம் ஆட்களின் எண்ணிக்கை அல்ல. 20000 நேர் எண் என்பதற்கான அடையாளம். நிரல் ஒழுங்காக ஓடிய நாளில், ஆட்கள் 20 ஆக இருந்தபோது, இதே ஆணையில் நிறுத்திப் பார்த்திருந்தாலும் டிஎக்ஸ் 0 என்றுதான் காட்டியிருக்கும். அதை நம்பி இல்லாத தவறைத் தேடி ஒரு பகல் முழுதும் போயிருக்கும். உண்மையான எண்ணிக்கை சிஎக்ஸில் இருக்கிறது. அதுவும் பூஜ்யம்தான்.

ஒப்பந்தம் வாசற்படிக்கு மட்டுமே பொருந்தும். செயற்கூறுக்குள் நுழைந்த கணத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று அது சொல்லும். இரண்டு ஆணை கழிந்ததும் ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள். அதனால்தான் 'இந்த மாறி எங்கே இருக்கிறது' என்று மட்டும் கேட்காமல் 'இந்த ஆணையில் எங்கே இருக்கிறது' என்று கேட்க வேண்டும். வரைபடம் இல்லாதபோது வாசலிலிருந்து நின்ற இடம் வரை ஒவ்வோர் ஆணையாக விரலை வைத்துப் படிப்பதுதான் ஒரே வழி.

மற்ற இரண்டு மாறிகள்? மீதி ஏஎக்ஸில் இருக்கிறது. வகுத்தல் மட்டும் நடந்திருந்தால் விடையும் அதே ஏஎக்ஸில் வந்து மீதியை அழித்திருக்கும். அந்தக் கட்டத்தில் முழு வரைபடம் கையில் இருந்து 'மீதி என்ன?' என்று கேட்டால்கூட, டிபக்கர் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று கைவிரிக்கக்கூடும். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இதைவிட மனம் சோரவைக்கும் சொல் வேறில்லை. வேகத்துக்காகத் தொகுப்பி அந்த மாறிக்கு இடமே வைக்கவில்லை என்று பொருள். ஆனால் இடம் இல்லை என்பதால் மதிப்பும் மீட்க முடியாததாகிவிடாது. டிஐயும் எஸ்ஐயும் கலையாமல் இருக்கின்றன. 25000-லிருந்து 5000 போனால் 20000. இந்தக் கழித்தலைத் தாளில் நாமே போட்டுக்கொள்ளலாம். தொலைந்த மாறி எதிலிருந்து பிறந்ததோ அவை உயிரோடு இருந்தால் அதையும் மறுபடி பெற்றெடுக்கலாம். டுவார்ஃபின் பிந்தைய பதிப்புகள் இதே கணக்கை வரைபடத்திலேயே எழுதிவைக்க வழி செய்கின்றன.

பூஜ்யத்தைக் கொடுத்தது யார்?

வகுத்த இடத்தில் குற்றம் இல்லை. வந்த எண்ணை வகுத்தது, அவ்வளவுதான். கூப்பிட்டவரிடம் போக வேண்டும். ஒரு செயற்கூறு இன்னொன்றைக் கூப்பிடும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி அடுக்கு என்ற நினைவகப் பகுதியின் உச்சியில் வைக்கப்படும். நம் ஆறு ஆணைகளில் எதுவும் அடுக்கைத் தொடவில்லை. ஆகவே உச்சியில் கிடக்கும் எண்தான் திரும்பும் முகவரி. அந்த முகவரிக்குச் சற்று முன்னால் உள்ள ஆணைகளைப் படித்தேன்.

பிஎக்ஸ் காட்டும் இடத்திலிருந்து 16 பைட் தள்ளி இருப்பதை டிஐயில் ஏற்று. 20 பைட் தள்ளி இருப்பதை எஸ்ஐயில் ஏற்று. 12 பைட் தள்ளி இருப்பதை டிஎக்ஸில் ஏற்று. பிறகு கூப்பிடு.

இங்கே ஒரு முழு ஏட்டின் வடிவம் தெரிகிறது. பிஎக்ஸ் காட்டும் இடத்தில் ஒரு சீட்டுக்குழுவின் பதிவு தொடங்குகிறது. 12-இல் ஆட்கள், 16-இல் தள்ளு, 20-இல் கமிஷன். முதல் 12 பைட்டில் என்ன என்று மட்டும் தெரியவில்லை. பிஎக்ஸை நம்பலாமா? நம்பலாம். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது: கூப்பிடப்பட்டவர் பிஎக்ஸைத் தொட்டால் போகும்போது பழையபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். நம்மவர் அதைத் தொடவே இல்லை.

இந்த இடத்தில் அனுபவசாலிகள் செய்யும் ஒரு காரியம் உண்டு. ஊகித்த வடிவத்தை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி, அதை வரைபடத்தோடு தொகுத்து, டிபக்கருக்கு ஊட்டிவிடுவார்கள். அதன்பின் டிபக்கர் அந்த நினைவகத் துண்டைப் பெயரிட்ட கட்டங்களாகக் காட்டும். உதிர்ந்த பெயரை நாமே திரும்பச் சூட்டுகிறோம். நான் வெறும் பைட்டுகளையே பார்த்தேன். இருபத்து நான்குதானே.

இருபத்து நான்கு பைட்

224 174 164 224 175 135 224 174 169 224 174 191
0 0 0 0
168 97 0 0
136 19 0 0

கீழிருந்து பார்ப்போம். இந்தச் சில் எண்ணைச் சிறிய பக்கத்திலிருந்து எழுதும். ஒன்றுகள் முதலில், 256-கள் அடுத்து. 136-உடன் 19 முறை 256-ஐக் கூட்டினால் 5000, அது கமிஷன். 168-உடன் 97 முறை 256-ஐக் கூட்டினால் 25000, அது தள்ளு. ஊகித்த வடிவம் சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்கு மேலே ஆட்கள், நான்கும் பூஜ்யம்.

மேல் வரியைச் சற்று நேரம் பாருங்கள். 224 என்ற எண் மூன்று பைட்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. அதை அடுத்து 174 அல்லது 175. தமிழில் நிரல் எழுதும் எவரும் இதைக் கண்ணால் பழகிக்கொள்ள வேண்டும். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில்தான் இன்று உலகின் எழுத்துகள் பெரும்பாலும் சேமிக்கப்படுகின்றன. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், எப்போதும் 224-இல் தொடங்கி, 174 அல்லது 175 தொடர்ந்து வரும். துணை எழுத்துகளும் புள்ளியும் தனிக் குறிகளாகக் கணக்காகும்.

224 174 164 என்பது த. 224 175 135 என்பது ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பு. 224 174 169 என்பது ன. 224 174 191 என்பது இகரத்தின் மேல்விலங்கு. தேனி!

கண்ணுக்கு இரண்டெழுத்து. கணிப்பொறிக்கு நான்கு குறி, பன்னிரண்டு பைட். குழுவின் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடமும் சரியாகப் பன்னிரண்டு. அப்படியானால் பொருந்திவிட்டதே என்று தோன்றும். ஆனால் சி மொழியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காட்ட, அதன் கடைசியில் ஒரு பூஜ்ய பைட் வைக்க வேண்டும். தேனிக்கு உண்மையில் பதின்மூன்று பைட் தேவை. பதின்மூன்றாவது பைட் ஆட்கள் எண்ணிக்கையின் முதல் பைட். 20 என்ற எண் நினைவகத்தில் 20 0 0 0 என்று இருந்திருக்கும். பெயரைக் கடைசியாக நிரப்பிய நிரல், அந்த முற்றுப்புள்ளிப் பூஜ்யத்தை 20-இன் மேல் வைத்துவிட்டது. மிஞ்சியது 0 0 0 0. இருபது பேரும் ஒரு பைட்டில் போய்விட்டார்கள்.

ஆங்கிலத்தில் மதுரை என்று ஏழெழுத்தில் எழுதிச் சோதித்தபோதெல்லாம் இந்த நிரல் ஒழுங்காக ஓடியது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் தமிழிலும் வேலை செய்யும் என்று அறிவிப்பது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதை இந்த ஒரு பைட் காட்டுகிறது. தமிழில் பெயர் எழுதும் உரிமை ஒரு மூலையில் ஒட்டிய சலுகை அல்ல. நிரலின் ஒவ்வோர் அளவிலும் அது கணக்கில் இருக்க வேண்டும்.

திருச்சி

தேனி நின்று காட்டிக்கொடுத்தது. எல்லாப் பெயர்களும் அப்படிச் செய்வதில்லை. பழுதைச் சரிசெய்யுமுன் அதே நிரலில் திருச்சி என்று பெயர் கொடுத்துப் பார்த்தேன். நிரல் நிற்கவில்லை. தலைக்கு 0 ரூபாய் என்று அச்சிட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டது.

வகுக்கும் ஆணையில் நிறுத்திப் பார்த்தால் டிஎக்ஸில் மைனஸ் ஒன்று. மீதி எதிர் எண்ணாகியிருக்கிறது. சிஎக்ஸில், ஆட்கள் இருக்க வேண்டிய இடத்தில், மைனஸ் 52,67,33,600. இப்படி ஓர் எண்ணைப் பார்த்ததும் குப்பை என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளாமல் நான்கு பைட்டாகப் பிரித்தால் 224 174 154 224. முதல் மூன்றும் சேர்ந்தால் ச. நான்காவது அடுத்து வரும் புள்ளியின் தொடக்கம். திருச்சியின் எட்டுக் குறிகள், இருபத்து நான்கு பைட், பதிவு முழுவதையும் நிரப்பியிருக்கின்றன. ஆட்கள் இருந்த இடத்தில் 'ச்' தொடங்குகிறது. அதன் மிச்சமும் கடைசிச் 'சி'யின் முற்பகுதியும் தள்ளு ஆகிவிட்டன. 'சி'யின் மிச்சம் கமிஷன் ஆகிவிட்டது. முற்றுப்புள்ளிப் பூஜ்யம் இருபத்தைந்தாவது பைட்டில் விழுந்தது. அது அடுத்த குழுவுடைய பெயரின் முதல் பைட்.